தாதாபாய் மூன்று வருஷம்தானே எம்.பி.யாக இருந்தார், அதனால் என்ன கிடைத்தது?

போன ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பாலக்கோட்டிலிருந்து குரூப் 2 தேர்வுக்குப் படிக்க வருகிற தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ‘சார், தாதாபாய் நௌரோஜி பிழைக்கப் போன வியாபாரி. லண்டனில் கம்பெனி வைத்தார், காசு சேர்ந்ததும் எலெக்‌ஷனில் நின்றார், அஞ்சு ஓட்டில் ஜெயித்தார், மூணு வருஷத்தில் தோற்றுவிட்டார். இதை எதுக்கு இவ்வளவு பெரிசா படிக்கிறோம்?’ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. வரலாறு சொல்லிக்கொடுத்தே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான், இந்தக் கேள்விக்கு அவசரத்தில் பதில் சொல்லக் கூடாது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ‘காசு சேர்ந்ததும் நின்றார்’ என்பது. அது அப்படி இல்லை தம்பி. அவர் 1855-ல் கப்பல் ஏறினார், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் போனது 1892-ல். நடுவில் 37 வருஷம். முப்பது வயதை நெருங்கும்போது போனவர், 67-ஆவது வயதை நெருங்கும்போது ஜெயித்தார். அந்த 37 வருஷத்தை விட்டுவிட்டு மூன்று வருஷத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுமே புரியாது.

1825-ல் ஒரு ஏழைப் பார்சி புரோகிதக் குடும்பத்தில் பிறந்தவர். நாலு வயதில் அப்பா போய்விட்டார், வளர்த்தது அம்மா மானெக்பாய். இலவசப் பள்ளியில் படித்து, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணக்கிலும் இயற்பியலிலும் பேராசிரியரானார். அந்தக் கல்லூரியில் அப்படிப் பேராசிரியர் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது, ‘ராஸ்த் கோப்தார்’ என்ற குஜராத்திப் பத்திரிகை நடத்தியது எல்லாம் அந்த வயதில்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் முதலில் கணக்கு வாத்தியார், அப்புறம்தான் வியாபாரி. அந்த வரிசை முக்கியம்.

பிறகு காமா குடும்பத்தார் இங்கிலாந்தில் கம்பெனி திறக்க, அதில் கூட்டாளியாகச் சேர்ந்து போனார். பிரிட்டனில் இந்தியர் தொடங்கிய முதல் வர்த்தக நிறுவனம் காமா கம்பெனி என்று சொல்வார்கள். லிவர்பூலில் ஒரு கிளை. மூன்று வருஷத்துக்குள் அதைவிட்டு விலகிவிட்டார், அபின், சாராயம் விற்று வருகிற லாபத்தில் பங்கு வேண்டாம் என்று. 1859-ல் தன் பெயரிலேயே பருத்தி வியாபாரம் தொடங்கினார். அதே காலத்தில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் குஜராத்திப் பேராசிரியராகவும் இருந்தார். அது மட்டுமில்லை, 1866-ல் கிழக்கிந்தியச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளையும் அதில் சேர்த்துக்கொண்டு, அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே இந்தியாவின் வறுமையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அப்படித்தான் இந்தியாவின் செல்வம் ஈடு இல்லாமல் பிரிட்டனுக்கு வடிந்து போகிறது என்கிற வாதம், சுரண்டல் கோட்பாடு, செல்வ வடிகால் என்றெல்லாம் நீங்கள் படிக்கிற விஷயம், பிறந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

என் அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். மே, ஜூனில் வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் மாங்காய்ப்பால் கறை இருக்கும். சாப்பிட்டுவிட்டு, சிவப்புத் துணி ஒட்டிய நீளப் பேரேட்டை மடியில் விரித்து, நாள்வழியில் இருப்பதை ஒவ்வொரு ஆள் பெயரிலும் ஏற்றுவார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. லாரி போன தேதி, எடை, கழிவு, கமிஷன், அட்வான்ஸ், பாக்கி. எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ‘லோடு போச்சா, போனதுக்கு என்ன வந்துச்சு, ரெண்டையும் எதிரெதிரா எழுது. எழுதினா யார் யாரை ஏமாத்துறான்னு தானா தெரியும்.’ மூட்டை மூட்டையாகச் சரக்கு போய்க்கொண்டே இருக்கிறது, ஊர் பிழைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பேரேட்டைத் திறந்தால் பணம் வந்திருக்காது.

தாதாபாய் செய்தது இதேதான். ஆங்கிலேயர் சொல்வது என்ன? இந்தியாவின் ஏற்றுமதி கூடிக்கொண்டே போகிறது, அதனால் நாடு செழிக்கிறது என்பார்கள். பருத்தி வியாபாரியான இவருக்குத் தெரியும், ஏற்றுமதி கூடினால் மட்டும் போதாது, போனதற்கு ஈடாக லாபத்தோடு சேர்த்துத் திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். அரசாங்கமே அச்சிட்ட வர்த்தகப் புள்ளிவிவரத்தை எடுத்தார். போனதை ஒரு பக்கம், வந்ததை ஒரு பக்கம் எழுதினார். வருஷா வருஷம் போனது அதிகம், வந்தது குறைவு. நடுவில் காணாமல் போன தொகை எங்கே? லண்டனில் இருக்கிற இந்தியா அலுவலகச் செலவு, ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பென்ஷன், படைச் செலவு, ரயில் கம்பெனிகளுக்கு உத்தரவாதம் கொடுத்த 5 சதவீத வட்டி, இங்கே சம்பளம் வாங்கி அங்கே அனுப்புகிற அதிகாரிகளின் சேமிப்பு. எல்லாம் சேர்த்து வருஷத்துக்குக் கோடிக்கணக்கான பவுண்டு என்று காட்டினார். வியாபாரி அரசியலுக்குப் போனார் என்று நாம் சொல்கிறோம், எனக்கென்னவோ அவர் வியாபாரத்தின் பேரேட்டையே அரசியலுக்கு எடுத்துக்கொண்டு போனார் என்றுதான் தோன்றுகிறது.

இன்னொரு கணக்கும் போட்டார், அது இன்னும் கடுமை. 1867–68-ஐ எடுத்துக்கொண்டு, பயிர் விளைச்சல், உப்பு, சுரங்கம், மற்ற உற்பத்தி எல்லாம் கூட்டி, ஜனத்தொகையால் வகுத்தார். தலைக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய். சரி, 20 ரூபாய் போதுமா போதாதா என்று எப்படிச் சொல்வது? அதற்கு அவர் தேடிப் போன இடம் சிறைச்சாலை. கைதிக்கு அரசாங்கம் என்ன சாப்பாடு போடுகிறது, அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு, அந்த ஊரில் அது என்ன விலை என்று பார்த்து, சிறையில் ஒரு ஆள் உயிர்வாழ ஆகும் செலவைக் கணக்கிட்டார். குழந்தைகள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று அதில் கால் பங்கைக் கழித்தும் பார்த்தார். இடத்துக்கு இடம் வேறுபட்டு 16 ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை வந்தது. அதாவது பல இடங்களில் திருடிவிட்டு உள்ளே போனவனுக்குக் கிடைப்பதுகூட வெளியே உழுகிறவனுக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் வறுமைக்கோடு என்ற யோசனைக்கு இதுவே தொடக்கம், பொருளாதாரப் பாடத்தில் முதல் பக்கத்தில் வரும், மறக்காதீர்கள்.

இந்தியாவின் வறுமை என்ற அந்தக் கட்டுரையை அவர் பம்பாயில் வாசித்தது 1876. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வருஷத்தின் பெயர் வேறு. தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று என் பாட்டி அவர் பாட்டி சொல்லக் கேட்டதைச் சொல்வார், கற்றாழைக் கிழங்கைப் பலமுறை வேகவைத்துத் தின்ற கதை. அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாதான். 1871-க்கும் 1881-க்கும் எடுத்த குடிக்கணக்குகளை வைத்துப் பார்த்தால் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை கூடவில்லை, குறைந்திருக்கிறது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியைக் குறைக்கச் சொல்லி வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடச் சில்லறைக் காசு என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு. சென்னை மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் இது சிறைக் கைதியின் படியைவிடக் குறைவு என்று எதிர்த்தார். தாதாபாய் காகிதத்தில் போட்ட கணக்கும் நம் ஊரில் செத்தவர்களும் ஒரே நேரத்தில், ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதில் நம் மண்ணுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு கையைவிட்டு பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அதற்கு அனுப்பப்பட்ட கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் காடு கழனியை அளந்து, ஒவ்வொரு ரயத்தோடும், அதாவது விவசாயியோடும், நேரடியாக வரி பேசினார்கள். ரயத்வாரி முறை உருவானது இங்கே, மன்றோ வேலை பார்த்தது தர்மபுரியில். இன்றைக்கும் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி என்று மனு வாங்குகிறார்களே, அது வரிக் கணக்கைச் சரிபார்க்கும் அந்தக் காலத்து ஏற்பாடு. ஆக, விளைச்சலிலிருந்து வரி எப்படிப் போக வேண்டும் என்ற வழி எந்த ஊரில் போடப்பட்டதோ, அந்த ஊர் கம்பெனி கைக்குப் போய்ச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1892-ல், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க ஒரு இந்தியர் லண்டன் நாடாளுமன்றத்துக்குள் போனார். தேதிகள் இப்படி அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் பாலக்கோட்டுப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய தற்செயல்.

சரி, எலெக்‌ஷனுக்கு வருவோம்.

இந்தியர் எப்படி அங்கே நிற்க முடிந்தது என்று வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். பிரிட்டிஷ் பிரஜையான ஆண் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், அப்போது இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். சட்டத்தில் தடை இல்லை, கட்சி இடம் கொடுக்க வேண்டும், ஜனங்கள் ஓட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான். எம்.பி.க்குச் சம்பளமும் கிடையாது, அது 1911-ல்தான் வந்தது. வங்கத்து லால்மோகன் கோஷ் 1885-ல் டெப்ட்போர்டில் நின்று தோற்றிருந்தார். அதற்கும் முன்னால் 1841-ல் டைஸ் சோம்பர் என்று வட இந்தியாவில் பேகம் சம்ரு என்ற சிற்றரசி வளர்த்த கலப்பினப் பணக்காரர் ஒருவர் சட்பரி தொகுதியில் ஜெயித்தார், லஞ்சம் கொடுத்தார் என்று மறு வருஷமே அந்தத் தேர்தல் ரத்தானது. காசை இறைத்து ஜெயிப்பது என்று நீங்கள் நினைத்தீர்களே, அது இவருக்குப் பொருந்தும். தாதாபாய்க்குப் பொருந்தாது.

தாதாபாய் நடுவில் இந்தியா வந்து பரோடா சமஸ்தானத்துக்குத் திவானாக இருந்தார், பம்பாய் நகராட்சியில் இருந்தார், 1885-ல் பம்பாய் சட்டசபையில் உட்கார்ந்தார், அந்த டிசம்பரில் காங்கிரஸ் தொடங்கியபோது கூட இருந்தார். 1886-ல் திரும்ப லண்டன் போய் ஹோல்பர்ன் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நின்றார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரலாமா என்ற சண்டையில் லிபரல் கட்சியே உடைந்து கிடந்த தேர்தல் அது. நன்றாகவே தோற்றார். தோற்ற வருஷக் கடைசியில்தான் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார், அதையும் பாருங்கள்.

அப்புறம் 1888-ல் எடின்பரோவில் பிரதமர் சாலிஸ்பரி பிரபு ஒரு கூட்டத்தில் பேசினார். மனித குலம் எவ்வளவு முன்னேறியிருந்தாலும், ஒரு பிரிட்டிஷ் தொகுதி ஒரு கறுப்பு மனிதனைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நாம் வந்துவிட்டோமா என்பது சந்தேகம் என்ற பொருளில். நாட்டின் பிரதமர் மேடையில் சொல்கிறார்! இதைப் படித்த முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது, இன்றைக்கும் வகுப்பில் இதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது. ஆனால் அந்த ஒரு பேச்சால் தாதாபாய் பெயர் பிரிட்டன் முழுக்கத் தெரிந்தது. அவரைப் பார்த்தே இராத ஆட்கள்கூட ஆத்திரப்பட்டு அவர் பக்கம் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின.

அந்தச் சமயம் அவருக்குக் கிடைத்த தொகுதி லண்டனில் மத்திய ஃபின்ஸ்பரி. கிளர்க்கன்வெல் பகுதி, கடிகாரம் செய்கிறவர்கள், நகை வேலை செய்கிறவர்கள் நிறைந்த இடம். சொந்தக் கட்சிக்குள்ளேயே இன்னொருவர் அதே இடத்துக்கு உரிமை கோரி வருஷக்கணக்கில் இழுபறி. இவர் அசையவில்லை. 1888-லிருந்து 1892 வரை அந்தத் தொகுதியிலேயே வேலை செய்தார். தெருத்தெருவாகப் போனார், தொழிலாளர் சங்கக் கூட்டங்களுக்குப் போனார், எட்டு மணி நேர வேலை வேண்டும் என்றார், பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்றார், அயர்லாந்துக்காரர்களோடு நின்றார். இந்தியாவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அங்கே கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஏன் ஓட்டுப் போடப் போகிறார்? அவர் வீட்டு வாடகையையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேசினார், அதை மனசாரப் பேசினார். தன் நாட்டுக்கு நியாயம் கேட்கப் போனவர், தனக்கு ஓட்டுப் போடுகிறவனின் நியாயத்தையும் கேட்டார். அரசியலில் இது எல்லாருக்கும் வருவதில்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் அவரை ஆதரித்தார்.

1892 ஜூலை. தாதாபாய் 2,961 ஓட்டு. எதிர்த்து நின்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் கேப்டன் பென்டன் 2,956. ஐந்து ஓட்டு வித்தியாசம். நௌரோஜி என்ற பெயர் வாயில் நுழையாத ஜனங்கள் அதை ‘நேரோ மெஜாரிட்டி’ என்று திருப்பிவிட்டார்கள், மயிரிழையில் ஜெயித்தவர் என்ற பொருளில். நீங்கள் கேட்டது போல அஞ்சு ஓட்டுதான். ஆனால் அந்த 2,961 பேரும் தங்கள் நாட்டுப் பிரதமராக இருந்தவர் முடியாது என்று சொன்னதைச் செய்து காட்டியவர்கள். தோட்டியிலிருந்து தொண்டைமான் வரை எல்லாருக்கும் ஓட்டு என்ற காலமும் இல்லை அது, பெண்களுக்கு அறவே கிடையாது, ஆண்களிலும் வீடு, வாடகைத் தகுதி பார்த்துத்தான்.

உறுதிமொழி எடுக்கும்போது பைபிளைத் தொடவில்லை, தன் பார்சி சமயத்தின் நூலான கோர்தே அவெஸ்தாவை வைத்து எடுத்தார். ஆகஸ்டில் முதல் பேச்சு. அதே தேர்தலில்தான் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டியும் முதல்முறை உள்ளே வந்தார்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: மூன்று வருஷத்தில் என்ன செய்தார்?

இந்திய வரவு செலவு விவாதம் நாடாளுமன்றத்தில் எப்போது வரும் தெரியுமா, கூட்டத்தொடர் முடிகிற கடைசி நாட்களில், ஆகஸ்டில், பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிய பிறகு. கோடிக்கணக்கான ஜனங்களின் கணக்கைக் காலி நாற்காலிகளுக்கு நடுவே வாசித்து முடித்துவிடுவார்கள். அந்த அவையில் போய் நின்றுகொண்டு இவர் எண்களைச் சொன்னார். வில்லியம் வெட்டர்பர்ன், கெய்ன் போன்ற நண்பர்களோடு இந்திய விஷயத்தைக் கவனிக்க உறுப்பினர் குழு ஒன்றை 1893-ல் சேர்த்தார். திரும்பத் திரும்பக் கேட்டதன் பலனாக இந்தியச் செலவு பற்றி விசாரிக்க 1895-ல் அரச ஆணையம் வந்தது, வெல்பி ஆணையம் என்று படித்திருப்பீர்கள். அதில் இவரே உறுப்பினர். நாட்டை ஆள்கிறவர்களின் செலவுக் கணக்கைக் குடைந்து கேட்கிற நாற்காலியில் ஓர் இந்தியர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. 1897-ல் அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொல்லப் போனவர்கள் காங்கிரஸ் தலைவர்கள் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, நம் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர். உறுப்பினராக இருந்துகொண்டே தாதாபாயும் சாட்சி சொன்னார். கடைசி அறிக்கையில் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் வெட்டர்பர்ன், கெய்னோடு சேர்ந்து தனி அறிக்கை எழுதினார். அறிக்கையால் கிடைத்த சலுகை ரொம்பச் சின்னது, அதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நாள் இருக்கிறது, 1893 ஜூன் 2. நீங்கள் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து எதற்குப் படிக்கிறீர்களோ, அதற்கும் இந்த நாளுக்கும் நேரடி உறவு. இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முன்னோடியான ஐ.சி.எஸ். தேர்வு 1855-லிருந்து போட்டித் தேர்வுதான், இந்தியரும் எழுதலாம். எங்கே எழுத வேண்டும்? லண்டனில். கப்பல் கட்டணம், தங்கும் செலவு, கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைப்பு, எல்லாவற்றையும் தாண்டிப் போய் வெள்ளைக்காரப் பையன்களோடு அவர்கள் மொழியில் அவர்கள் பாடத்தில் எழுத வேண்டும். 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் தேறினார், அப்புறம் இன்னும் சில பேர். கொஞ்ச வருஷத்தில் வயது வரம்பை 19-ஆகக் குறைத்தார்கள். 19 வயதில் இங்கிருந்து யார் போய் எழுதுவது? கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டை எடுத்துவிட்டார்கள். பின்னால் வயதைக் கொஞ்சம் கூட்டினாலும் லண்டன் லண்டனாகத்தான் இருந்தது.

தாதாபாயின் கோரிக்கை ஒரே வரி: அதே தேர்வை அதே நாளில் இந்தியாவிலும் வையுங்கள். அந்த ஜூன் 2 அன்று ஹெர்பர்ட் பால் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், தாதாபாய் வழிமொழிந்து பேசினார். ஓட்டெடுப்பில் 84-க்கு 76. அரசாங்கம் எதிர்த்தும் தீர்மானம் நிறைவேறிவிட்டது! இந்தியாவுக்குச் செய்தி வந்தபோது கொண்டாடினார்கள். அரசாங்கம் என்ன செய்தது, மாகாணங்களின் கருத்தைக் கேட்டது. எல்லா மாகாண அரசுகளும் எதிர்த்தன, ஆதரித்தது சென்னை மட்டும். கேட்டுவிட்டுக் கிடப்பில் போட்டார்கள். 29 வருஷம் கிடந்தது. இந்தியாவில் முதன்முதலாக ஐ.சி.எஸ். தேர்வு நடந்தது 1922-ல், அலகாபாத்தில்.

நிறைவேறிய தீர்மானத்தையே குப்பையில் போடுகிறார்கள் என்று தெரிந்தால் மனுஷனுக்கு என்ன தோன்றும்? இவர் மாறினார், மெதுவாக. ஆரம்பத்தில் ஆங்கிலேயர் நியாயஸ்தர், கணக்கைச் சரியாகக் காட்டினால் திருத்திக்கொள்வார்கள் என்று நம்பியவர். 1901-ல் தன் கட்டுரைகளையும் பேச்சுகளையும் தொகுத்து வெளியிட்ட பெரிய புத்தகத்தின் தலைப்பிலேயே ‘பிரிட்டிஷுக்கு ஒவ்வாத ஆட்சி’ என்றார். அந்தத் தலைப்பிலும் பழைய நம்பிக்கை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது பாருங்கள், நீங்கள் உங்கள் குணப்படி நடக்கவில்லை என்று சொல்கிற குரல். 1906-ல் கல்கத்தா காங்கிரசில் கேட்டது சுயராஜ்யம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

1895-ல் ஏன் தோற்றார் என்றால், நாடு முழுக்க லிபரல் கட்சியே தோற்ற தேர்தல் அது. அவரை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கியதாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இன்னொன்று, அதே தேர்தலில் மஞ்செர்ஜி பவநகரி என்ற இன்னொரு பம்பாய்ப் பார்சி கன்சர்வேட்டிவ் கட்சியில் நின்று பெத்னல் கிரீனில் ஜெயித்தார். அவர் ஆட்சியை ஆதரித்தவர், காங்கிரசுக்கு எதிராகப் பேசியவர். 1922-ல் ஷாபூர்ஜி சக்லத்வாலா பாட்டர்சீயிலிருந்து போனார், அவர் கம்யூனிஸ்ட். மூன்று பேரும் பார்சிகள், மூன்று பேரும் பம்பாய், மூன்று கட்சி. தேர்வில் ஜோடி சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தோற்ற பிறகும் 12 வருஷம் லண்டனில்தான் குடியிருந்தார். 1904-ல் ஆம்ஸ்டர்டாமில் சோஷலிஸ்ட் மாநாட்டில் போய்ப் பேசினார். 1906-ல் எண்பது வயதில் வடக்கு லாம்பெத்தில் மறுபடி நின்றார், தோற்றார். அதே வருஷம் டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு மூன்றாம் முறை தலைவர். காங்கிரசுக்குள் மிதவாதிக்கும் தீவிரவாதிக்கும் சண்டை முற்றி, இரண்டு பக்கமும் மறுக்க முடியாத ஆள் யார் என்று பார்த்து இவரைக் கடல் தாண்டி வரவழைத்தார்கள். குரல் எழும்பவில்லை, உரையைப் பெரும்பாலும் கோகலேதான் வாசித்தார். அந்த உரையில்தான் காங்கிரஸ் தலைவர் வாயிலிருந்து சுயராஜ்யம் என்ற சொல் இலக்காக வந்தது.

அந்தக் கல்கத்தா மாநாட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பாரதி போயிருந்தார். இன்னொருவரும் பிரதிநிதியாகப் போயிருந்தார். சேலத்தில் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த 28 வயது இளைஞர். ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி மணியக்காரர் மகன், ராஜகோபாலாச்சாரி. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த 1878-ல் பிறந்தவர். நம் ஜில்லாப் பிள்ளை ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார், சுயராஜ்யம் என்று கிழவர் சொன்னதைக் கேட்டவர்களில் ஒருவர், 1948-ல் வெள்ளைக்காரக் கவர்னர் ஜெனரல் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, ஓசூர் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

தாதாபாய் 1907-ல் ஊர் திரும்பினார், பம்பாய்க்கு வெளியே வெர்சோவாவில் இருந்தார், 1917 ஜூன் 30-ல் 91 வயதில் காலமானார். தான் கேட்ட தேர்வு இந்தியாவில் நடந்ததை அவர் பார்க்கவில்லை, ஐந்து வருஷம் பிந்திவிட்டது.

அடுத்த ஞாயிறு வரும்போது 1867–68-க்கான அந்த 20 ரூபாய்க் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுகிறேன். அரசாங்கத்தின் பேரிங்–பார்பர் கணக்கு 1882-ல் 27 ரூபாய் என்றது, வைஸ்ராய் கர்சன் காலத்தில் 30 என்றார்கள், மூன்றையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்போம். தம்பி, நோட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், கூடவே பாலக்கோட்டிலிருந்து வருகிற மற்ற இரண்டு பேரையும் அழைத்து வாருங்கள்.